கேட்டுப் பெறும் கணக்கு: திறந்த மூல மென்பொருளும் அந்தரங்கமும்

கணினி ஒன்றிலே புதிதாக ஒரு பணிசெயல் முறைமையை நிறுவுவோர், அவ்வேலை முடியுந் தறுவாயில், ஒரு வினாவை எதிர்கொள்வதுண்டு. இம்மென்பொருளை நீவிர் எவ்வாறு பயன்படுத்துகின்றீர் என்னும் விவரத்தை ஆக்கியோருக்கு அனுப்ப இசைகின்றீரோ என்பது அவ்வினாவின் கருத்து. பெரும்பாலோர் அதனை வாசிப்பதில்லை. யாமும் முதன்முறை வாசித்தேமல்லேம். நெடுநேரம் காத்திருந்த களைப்பினால் ஏதோ ஒரு விடையை அழுத்தி அப்பாற் சென்றோம். எதனை அழுத்தினோம் என்பது பின்னர் எத்துணை முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவ்வினாவைக் கேட்பவர் யாவர், எதன்பொருட்டுக் கேட்கின்றனர், ஆம் என்றால் நம்மிடமிருந்து செல்வது யாது, இல்லை என்றால் இழப்பு யாருக்கு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது என்பதை மாணவர் அறிவர். இவ்வுரிமையிலிருந்தே ஆக்கியோருக்கு ஓர் இடர்ப்பாடும் பிறக்கின்றது. பொருளை விலைக்கு விற்கும் வணிகன் எத்தனை விற்றன என்பதைத் தன் கணக்கேட்டிற் காண்பான். இலவசமாகக் கொடுத்து, பெற்றவன் மேலும் பலர்க்குக் கொடுப்பதையும் வரவேற்பவனுக்கு அத்தகைய கணக்கேடு இல்லை. இணையத்திலிருந்து எத்தனை முறை இறக்கப்பட்டது என்னும் எண்ணும் பெரிதாக உதவாது. ஒருவர் ஒருமுறை இறக்கி நூறு கணினிகளில் நிறுவலாம். வேறொருவர் பலமுறை இறக்கி ஒருமுறையேனும் பயன்படுத்தாதிருக்கலாம். ஆக்கியோர் செவியில் விழுவன குறை கூறுவோர் குரல்களே. மனநிறைவோடு பயன்படுத்துபவர் கடிதம் எழுதுவதில்லை. மனம் வெறுத்துக் கைவிட்டவரும் எழுதுவதில்லை.

இந்நிலையில், எந்தப் பகுதியைச் செப்பனிடுவது, எதனைக் கைவிடுவது, எத்தகைய பழைய கணினிகளையும் நினைவில் வைத்து நிரல் எழுதுவது என்பவற்றை ஊகத்தினாலேயே முடிவு செய்யவேண்டியுள்ளது. இதற்கு மாற்றாக எழுந்ததே தொலையளவை எனப்படும் முறை. மென்பொருள் தானே தன் பயன்பாட்டைக் குறித்துவைத்து, அக்குறிப்பை ஆக்கியோரின் சேவையகத்துக்கு அனுப்புதல் என்பது அதன் பொருள். அஃது இருவகைப்படும். பயனர் இசைவு தெரிவித்த பின்னரே தொடங்குவது ஒன்று. இதனை இசைந்து சேர்தல் என்போம். கேளாமலே தொடங்கி, பயனர் தேடிச் சென்று நிறுத்தும் வரை நடப்பது மற்றொன்று. இதனை மறுத்து விலகல் என்போம். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு பொத்தானின் அளவே எனத் தோன்றும். அஃது அவ்வளவு சிறிதன்று என்பதைப் பின்னர்க் காண்பாம்.

இசைந்து சேரும் முறைக்கு நெடுநாள் வழங்கிவரும் சான்று டெபியன் என்னும் பணிசெயல் முறைமையில் உள்ளது. 1993 ஆம் ஆண்டிலே இயன் மேர்டொக் என்பவர் தொடக்கிய இம்முறைமை, உலகெங்குமுள்ள தன்னார்வலரால் ஆக்கப்படுவது. அதன் மென்பொருட் பொதிகள் இறுவட்டுக்களில் வழங்கப்பட்ட காலத்தில், பொதிகள் பெருகப் பெருக அவை ஓர் இறுவட்டில் அடங்காது பலவாயின. எப்பொதியை முதல் இறுவட்டில் வைப்பது என்னும் வினா எழுந்தது. பலருக்கும் வேண்டியவை முதலாவதில் இருத்தல் நன்று. ஆனால் பலருக்கும் வேண்டியவை எவை? இதற்கு விடை காணவே 1990 களின் இறுதியில் அவேரி பெனறன் என்பவர் ஒரு சிறு நிரலை எழுதினார். பெயர், பொப்பியுலாரிட்டி கொன்ரெஸ்ட். செல்வாக்குப் போட்டி என்று தமிழிற் கூறலாம். பெயரில் விளையாட்டுத்தனம் இருப்பினும் அதன் அமைப்பிலே மிகுந்த பொறுப்புணர்ச்சியைக் காண்கின்றோம்.

முறைமையை நிறுவும்பொழுது, இப்போட்டியிற் கலந்துகொள்கின்றீரோ என அது கேட்கும். முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும் விடை 'இல்லை' என்பதே. வாசியாமல் அப்பாற் செல்பவரிடமிருந்து ஒன்றும் செல்லாது. ஆம் என்றவரின் கணினியில், அந்நிரல் வாரத்துக்கு ஒருமுறை நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலைத் தொகுக்கும். ஒவ்வொரு பொதியிலும் உள்ள நிரற் கோப்பு இறுதியாக எப்போது திறக்கப்பட்டது என்பதைக் கோப்புமுறைமை குறித்து வைத்திருக்குமன்றோ? அக்குறிப்பை நோக்கி, இப்பொதி அண்மையிற் பயன்படுத்தப்பட்டது, இது நிறுவப்பட்டும் நெடுநாள் தீண்டப்படாதது, இஃது அண்மையிற் புதுப்பிக்கப்பட்டமையால் எதுவும் சொல்ல இயலாதது எனப் பாகுபடுத்தும். நீவிர் எழுதிய கடிதத்தையோ, நோக்கிய பக்கத்தையோ அது தொடுவதில்லை. நூலகர் ஒருவர், எந்நூல் எத்தனை முறை இரவல் சென்றது என்று எண்ணுவதற்கும், வாசிப்பவர் தோளுக்குப் பின்னால் நின்று எப்பக்கத்தில் அவர் கண் தங்கியது என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

கணினியின் உரிமையாளர் பெயர் அறிக்கையில் இல்லை. அதற்குப் பதிலாகத் தற்போக்காகத் தெரிந்த 128 பிற்று நீளமான ஓர் எண் உண்டு. ஒரே கணினி இருமுறை எண்ணப்படாதிருக்க அது வேண்டப்படுகின்றது. தனித்தனி அறிக்கைகள் அதிகப்படியாக இருபது நாள்கள், அல்லது அதே கணினியின் அடுத்த அறிக்கை வருமளவும் வைக்கப்பட்டு, பின்னர் நீக்கப்படும். உலகுக்கு வெளியிடப்படுவது எல்லா அறிக்கைகளையும் கூட்டிப் பெற்ற தொகை மாத்திரமே. பிற்காலத்தில், அறிக்கையை மறைகுறியாக்கி அனுப்பும் வழியும் சேர்க்கப்பட்டது.

இவற்றிலும் மேலாக எம் மதிப்பைப் பெற்றது ஒன்றுண்டு. தம் முறையிலுள்ள குறைகளை ஆக்கியோர் தாமே எழுதி நிரலோடு வழங்கியுள்ளனர். அவர் காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது. உலகிலேயே ஒருவர் மாத்திரம் பயன்படுத்தும் பொதி ஒன்று உண்டு எனக் கொள்க. அஃது அவரே எழுதியதாகலாம். கூட்டுத்தொகையில் அப்பொதிக்கு நேரே 1 என்றிருக்கும். அவ்வொன்று ஒருநாள் மறைந்தால், அவரை அறிந்த ஒருவர், இம்மனிதர் இரு வாரங்களுக்கு மேலாகத் தம் கணினியைத் திறக்கவில்லை, வீட்டில் இல்லை போலும் என ஊகிக்கலாம்! பெயரில்லை, முகவரியில்லை, வெறும் கூட்டுத்தொகையே. ஆயினும் அதனூடே ஒரு வீட்டின் கதவு பூட்டியிருப்பது தெரிகின்றது. விளம்பரத்திலே 'உங்கள் அந்தரங்கத்தை யாம் மதிக்கின்றோம்' என்று எழுதுவோர் பலர். எவ்வழியால் அது கசியக்கூடும் என்று எழுதிக் கொடுப்போர் மிகச் சிலர்.

இனி, இக்கணக்கு எத்துணை உண்மையானது என்பதை நோக்குவாம். இவ்விடத்தில் மாணவர் 1936 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலை நினைவிற் கொள்ளல் வேண்டும். லிற்றறறி டைஜெஸ்ட் என்னும் சஞ்சிகை, ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வினாத்தாள் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்று அச்சஞ்சிகை கூறியது. நடந்ததோ, நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறினை றூஸ்வெல்ட் கைப்பற்றினார். வினாத்தாள் பெற்றோரின் பட்டியல் ஒருபுறம் சாய்ந்திருந்தது என்பது ஒரு காரணம். விடையளிக்க முன்வந்தோர் விடையளியாதோரைப் போன்றவரல்லர் என்பது மற்றொரு காரணம். இரண்டாவதே ஈண்டு எமக்கு வேண்டியது. எண்ணிக்கை இலட்சக்கணக்காகப் பெருகினாலும் சாய்வு தானாக நிமிர்வதில்லை.

இசைந்து சேரும் கணக்கெல்லாம் இச்சாய்வை உடையது. குனோம் என்னும் திரைச்சூழலை ஆக்குவோர் 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பயனர் தாமே விரும்பி நிறுவி இயக்கும் ஒரு கருவியை வெளியிட்டனர். அனுப்பப்படவிருக்கும் விவரம் முழுவதையும் அது முதலில் திரையிற் காட்டும். பயனர் இசைந்த பின்னரே அனுப்பும். 2,500 இற்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் ஃபெடோரா என்னும் முறைமையைப் பயன்படுத்துவோர். மிகப் பரவிய உபுண்டுவைப் பயன்படுத்துவோர் பத்திலொரு பங்கினரே. ஆர்வமுடையோர் வந்தனர், கருவி வெளியானதையே அறியாதோர் வரவில்லை. அத்தொகை பொதுமக்களின் படிமமன்று என்பதை ஆக்கியோரும் ஒளியாது கூறினர்.

டெபியனின் முதல் இறுவட்டுக் கதைக்கு மீண்டும் வருவாம். அங்கே சாய்வு வெறுங் கணக்குப் பிழையன்று. அது சிலருக்கு நேரே தீங்கு செய்யக்கூடியது. இறுவட்டினையே நம்பி வாழ்ந்தவர் யார்? இணைய இணைப்பு இல்லாதவரும், இணைப்பு மிக மெதுவானவரும் ஆவர். நல்ல இணைப்புடையோர்க்கு ஒரு பொதி எத்தனையாவது இறுவட்டில் உள்ளது என்பது பொருட்டன்று. வேண்டியதை நேரே இறக்கிக் கொள்வர். ஆனால் அறிக்கை அனுப்புவதற்கு இணைப்பு வேண்டுமே! ஆகவே, எவருக்காக அக்கணக்கு எடுக்கப்பட்டதோ அவரே அக்கணக்கில் இல்லாதவர். அவருக்கு வேண்டிய பொதி எது என்பதை, அது வேண்டாதவர்களின் வாக்குகளே முடிவு செய்தன. இதற்கு டெபியனார் மீது குற்றங் கூறுதல் தகாது. வேறு வழி அவர்க்கு இருந்ததில்லை. ஆயின் எந்தத் தொகையைக் கண்டாலும், இதில் வராதவர் யார் என்று முதலிற் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இச்சாய்வைக் காட்டியே, கேளாமல் திரட்டுவதே அறிவியல் முறை என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லாருடைய கணினியும் பேசினால் எல்லாரும் எண்ணப்படுவர். ஆர்வலருக்கு மாத்திரம் ஏற்றதாக மென்பொருள் வளராது. வினாவையே விளங்கிக்கொள்ளாத முதியவரும் சிறுவரும் அதன் பயனை அடைவர். இவ்வளவும் உண்மையே. எனினும், இவ்வாதம் ஒன்றை மறைக்கின்றது. கேட்டிருந்தால் மறுத்திருக்கக்கூடியவரின் விவரத்தை, கேளாமை என்னும் உபாயத்தினாலே பெறுவதே அதன் உட்கிடை. வினாவை விளங்கிக்கொள்ளாதவர், தம்மிடமிருந்து என்ன செல்கின்றது என்பதையும் விளங்கிக்கொள்ளார். அவர் பொருட்டுச் செய்கின்றோம் என்று கூறுவோர், முதலில் அவருக்கு விளங்கும் மொழியிலே கேட்டுப் பார்த்தனரோ?

முன்கூட்டிக் குறிக்கப்பட்ட விடையின் ஆற்றலைக் காண உபுண்டு நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஏப்பிரலில் வெளிவந்த அதன் 18.04 ஆம் பதிப்பில், முதன்முறை உள்நுழைவோர்க்கு ஒரு பக்கம் காட்டப்பட்டது. கணினியின் உறுப்புக்கள், நினைவகத்தின் அளவு, திரையின் அளவு, நேரவலயம் முதலிய விவரங்களை அனுப்பலாமோ என்பது வினா. அனுப்பப்படவிருப்பதை ஒரு பொத்தானை அழுத்தி முழுவதும் காணலாம், இது பாராட்டத்தக்கது. ஆனால் 'ஆம்' என்பது முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருந்தது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இசைந்ததாக நிறுவனத்தார் பின்னர் அறிவித்தனர். இவருள் உண்மையாக இசைந்தவர் எத்தனை பேர், எம்மைப் போல் களைப்பினால் அப்பாற் சென்றவர் எத்தனை பேர் என்பதை அவ்வெண் கூறமாட்டாது. மறுத்தவர் எத்தனை பேர் என்பது அவர்க்கு எவ்வாறு தெரிந்தது எனின், மறுத்தவரின் கணினியும் 'இவர் மறுத்தார்' என்னும் ஒரே ஒரு செய்தியை அனுப்பியது. மறுப்பும் கணக்கில் ஏறிற்று என்க.

இவ்வினாவுக்கு ஐரோப்பாவின் சட்டம் தெளிவான விடை தந்துள்ளது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் முகவுரை, மௌனத்தையும் முன்கூட்டிக் குறிக்கப்பட்ட பெட்டியையும் இசைவாகக் கொள்ளலாகாது என்கின்றது. 2019 ஒக்டோபர் 1 ஆம் நாள், இணையக் குலுக்கற் பரிசு நடத்திய ஒரு செருமானிய நிறுவனத்தின் வழக்கிலே, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பதற்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, எழுத்து மூலமோ ஒரு செயல் மூலமோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கப்படுவது என்னும் கருத்தை வைத்துள்ளது. சட்டம் படிக்கும் எம் பழைய மாணவர் இதனை எம்மினும் நன்கு விளக்குவர்.

உபுண்டுவின் வரலாற்றில் இதற்கு முன்னும் ஒரு பாடம் உண்டு. 2012 ஒக்டோபரில் வெளிவந்த 12.10 ஆம் பதிப்பில், ஒருவர் தம் கணினியில் உள்ள கோப்பினைத் தேடத் தட்டச்சிட்ட சொற்கள் நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, அமேசன் கடையின் பொருள்கள் பக்கத்திலே தோன்றின. அஃது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய றிச்சாட் ஸ்டோல்மன் இதனை உளவு மென்பொருள் என்று வெளிப்படையாகச் சாடினார். 2016 இல் வந்த 16.04 ஆம் பதிப்பிலேதான் அது முன்னமைவாக நிறுத்தப்பட்டது. ஆறாண்டுகளுக்குப் பின்னரும் அந்நிறுவனம் எதனைக் கேட்டாலும் சிலர் புருவத்தை உயர்த்தியதற்கு இது காரணமாயிற்று.

இசைவைக் கேட்பது மாத்திரம் போதுமோ? போதாது என்பதை ஓடாசிற்றி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளின் கதை காட்டும். 1999 இல் அமெரிக்காவின் காணகி மெலன் பல்கலைக்கழகத்திலே தொடங்கப்பட்ட இம்மென்பொருள், எம் மாணவர் பலரும் நாடகத்துக்கும் பேச்சுக்கும் ஒலிப்பதிவு செய்யப் பயன்படுத்தத் தக்கது. 2021 ஏப்பிரல் இறுதியில் அது மியூஸ் குறூப் என்னும் நிறுவனத்தின் கைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், பயன்பாட்டுத் தரவு திரட்டும் பகுதியைச் சேர்க்கும் முன்மொழிவு வெளியாயிற்று. அஃது இசைந்து சேரும் முறையே. பயனர் ஆம் எனாதவரை எதுவும் செல்லாது. அவ்வாறிருந்தும் பெருங் கண்டனம் எழுந்தது. ஏன்? அத்தரவு செல்லவிருந்தது கூகிள், யான்டெக்ஸ் ஆகிய நிறுவனங்களின் அளவைச் சேவைகளுக்கு. ஒலித்தொகுப்பைச் செம்மைப்படுத்துவோர்க்குத் தரும் விவரத்தை, விளம்பர வணிகம் நடத்தும் மூன்றாமவர் வாசலூடாக ஏன் அனுப்பவேண்டும் என்று பயனர் கேட்டனர். மே மாத நடுப்பகுதியில் அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. பிழை அறிக்கையும் புதுப்பிப்புச் சோதனையும் மாத்திரம், தம் சொந்தச் சேவையகத்தைக் கொண்டு நடத்தப்படும் என்றனர். மூலநிரல் திறந்திருந்தமையால், அப்பகுதி எவர் கணினிக்கும் சென்று சேருமுன்னரே மக்கள் அதனை வாசித்துவிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. மூடிய மென்பொருளிலே இது நிகழ வழியில்லை.

'பெயரில்லாத தரவு, அதனால் தீங்கில்லை' என்னும் கூற்றையும் சற்று ஆராய்தல் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் லற்றானியா சுவீனி, பிறந்த தேதி, பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தால் அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து அறியத்தக்கதாகும் என்று 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு 2000 இல் மதிப்பிட்டார். 2006 ஓகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பயனரின் தேடற் சொற்களைப் பெயர் நீக்கி எண்ணிட்டு வெளியிட்டது. சில நாள்களுள் பத்திரிகையாளர் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டு வாசலுக்கே சென்றுவிட்டனர். அவர் தேடிய ஊரும் உறவினர் பெயரும் நோயும் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்தன. ஒவ்வொரு விவரமும் தனியே நின்றால் ஊமை. சேர்ந்தால் பேசத் தொடங்கும்.

இதனை உணர்ந்தே கே.டி.ஈ. என்னும் குழுவினர் தம் தொலையளவைக் கொள்கையில், கணினியையோ பயனரையோ தனித்துக் காட்டும் எந்த எண்ணும் செல்லலாகாது என்று விதித்தனர். குறித்த ஒரு வினாவுக்கு விடைகாண வேண்டிய குறைந்த அளவு விவரமே பெறலாம் என்பதும் அக்கொள்கை. 2020 பெப்ரவரியில் வந்த அவர்தம் பிளாஸ்மா 5.18 ஆம் பதிப்பில் இவ்வசதி சேர்ந்தது. பயனர் தாமே அமைப்புப் பக்கத்துக்குச் சென்று திறந்தாலன்றி அது இயங்காது. இதற்கு அவர் கொடுத்த விலை யாதெனில், தனி எண் இல்லாமையால் ஒரு கணினி இருமுறை அனுப்பினால் அஃது ஒன்றோ இரண்டோ என்று அறிய இயலாது. டெபியனார் ஒரு தற்போக்கு எண்ணை ஏற்றுக் கணக்கைத் திருத்தமாக்கினர், கே.டி.ஈ. குழுவினர் கணக்கின் திருத்தத்தைக் கைவிட்டு எண்ணை நீக்கினர். இருவர் செய்கையும் நேர்மையானதே.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கணிதம் காட்டுகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வாராக. 1965 ஆம் ஆண்டு ஸ்ரான்லி வார்னர் என்னும் புள்ளிவிவர அறிஞர், கூச்சந்தரும் வினாக்களுக்கு மக்களிடம் உண்மை விடை பெறும் முறை ஒன்றை வெளியிட்டார். அதன் வழியில் வந்த எளிய வடிவம் இது. வினாவுக்கு விடையளிக்குமுன் ஒவ்வொருவரும் பிறர் காணாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுக. தலை விழுந்தால் உண்மையைக் கூறுக. பூ விழுந்தால் மீண்டும் சுண்டி, தலையாயின் 'ஆம்' என்றும் பூவாயின் 'இல்லை' என்றும் கூறுக. உண்மை எதுவாயினும் ஆகுக.

1,000 பேரிடம் கேட்டு 400 பேர் 'ஆம்' என்றனர் எனக் கொள்வோம். ஏறத்தாழ 500 பேருக்கு முதற் சுண்டலிற் பூ விழுந்திருக்கும். அவருட் பாதியினர், அதாவது 250 பேர், நாணயம் சொன்னபடி 'ஆம்' என்றிருப்பர். 400 இலிருந்து 250 ஐக் கழித்தால் 150. இவர் உண்மை கூறிய 500 பேருள் 'ஆம்' என்றவர். ஆகவே உண்மை விகிதம் நூற்றுக்கு 30. தொகை தெரிந்துவிட்டது. ஆனால் எந்த ஒருவரைச் சுட்டியும், இவர் 'ஆம்' என்றது உண்மையாலோ நாணயத்தாலோ என்று சொல்ல எவராலும் முடியாது. கேட்டவராலும் முடியாது. வாக்குறுதியினாலன்றிக் கணக்கினாலேயே காக்கப்படும் அந்தரங்கம் இஃது.

இதற்கும் விலை உண்டு. நேரே கேட்டிருந்தால் 1,000 பேரிடம் பெறும் நியமவழு ஏறத்தாழ நூற்றுக்கு 1.4, இம்முறையில் அது 3.1 ஆகின்றது. பழைய திருத்தத்தையே பெற ஏறத்தாழ 4,600 பேர் வேண்டும். இவ்வெண்களை மாணவர் தாமே செய்து பார்ப்பாராக. ஆகையால், இம்முறை பெருந்தொகைப் பயனருடையோர்க்கே எளிது. 2014 இல் கூகிள் ஆய்வாளர் இதன் விரிந்த வடிவம் ஒன்றைக் குறோம் உலாவியிற் பயன்படுத்தியதை வெளியிட்டனர். சிலநூறு பயனரே உள்ள சிறு மென்பொருளின் ஆக்கியோன், நாணயச் சுண்டலின் இரைச்சலில் உண்மையைத் தொலைத்துவிடுவான். அவனுக்கு இன்னும் உதவுவது நேரிற் கேட்டலே.

கல்லூரிகளின் கணினி ஆய்வுகூடங்களைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். டெபியனின் வினாவுக்கு விடையளிப்பவர் கணினியை நிர்வகிப்பவர். அவர் விடை அக்கணினியில் அமரும் எல்லாருக்கும் செல்லும். நாற்பது மாணவர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் 'ஆம்' என்றது யாருடைய இசைவு? பொதிப்பட்டியலால் மாணவர்க்குப் பெருந்தீங்கு எதுவும் நேராது என்பதே எம் கருத்து. எனினும் அறிவித்தல் ஒன்றைச் சுவரில் ஒட்டுவதற்கு ஆசிரியர்க்கு ஐந்து நிமிடமே செல்லும்.

இக்கட்டுரையை எழுதுமுன், எம் பழைய கணினியில் அந்நிரலை யாமே இயக்கிப் பார்த்தோம். முனையத்தில் அதன் பெயரைத் தட்டச்சிட்டால், அனுப்பப்படும் அறிக்கை முழுவதும் திரையிலே விரியும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி. அவ்வரியில் இறுதியாகப் பயன்படுத்திய காலத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் உண்டு. யாம் ஓயாது பயன்படுத்துவதாக நினைத்திருந்த இரண்டு மென்பொருள்கள் மாதக்கணக்கில் தீண்டப்படாதவை என அது கூறியது. சதுரங்க விளையாட்டு ஒன்று நேற்றே திறக்கப்பட்டதாகவும் கூறியது. அதனை ஈண்டு மேலும் விரிக்க விரும்பேம்.

தமிழ் எழுத்துருப் பொதிகளையும் அதிலே தேடினோம். அவை பட்டியலில் இருந்தன. ஆனால் எழுத்துருப் பொதியில் இயங்கும் நிரல் எதுவும் இல்லாமையால், அதனைப் பயன்படுத்தினோமோ இல்லையோ என்பதை இம்முறையால் அறிய இயலாது. அது விவரம் போதாதவை என்னும் பகுதியிலே சேர்கின்றது. இவ்வெழுத்துருக்கள் இத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளன என்பதே ஆக்கியோர் காணக்கூடியது. நாள்தோறும் அவற்றைக் கொண்டு எழுதுவோர் எத்தனை பேர் என்பது அவர்க்குத் தெரியவேண்டுமாயின், எழுதுவோர்தாம் அவருக்குக் கடிதம் எழுதவேண்டும். முறைமையிலே குறை காணும்போது அவ்வாறு எழுதுவதற்கு டெபியனில் ஒரு வழி வைத்துள்ளனர். அதன் செய்முறையை அடுத்த மாதம் கணினிக் கழகத்தின் கூட்டத்திலே மாணவர்க்குக் காட்ட எண்ணியுள்ளோம்.